ஒரே ஸ்டைலில் ஒன்பது பெயர்

முருகேஸ்வரிக்கு வலது தோள் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. வாரம் முழுக்கக் கத்தரி பிடித்துத் தேயிலைக் கொழுந்து வெட்டிய தோள், மவுஸை நகர்த்தினாலே குத்தியது. சூரியநெல்லி எஸ்டேட் கிளப்பின் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குள் மாரியம்மன் திருவிழா நோட்டீஸை அடித்து அச்சுக்கடை ஜிஜோவுக்கு அனுப்ப வேண்டும். மலையில் அவளுக்கு ஒதுக்கிய செடி வரிசையில், அவளுடைய நிரையில், இன்று அவளுக்குப் பதிலாகக் கூட வேலை செய்யும் கிருத்திகா நின்று கொழுந்து வெட்டுகிறாள்.

போன வருஷமும் நோட்டீஸ் அவள் அடித்ததுதான். விழாக் கமிட்டிக்காரர் ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாகப் பிடித்து, கண்ணளவில் பெரிதாக்கினாள். தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கீழ் லயத்துப் பாண்டித்துரையின் பெயர் வரியில் அடங்கவில்லை. ஒரு சுற்று குறைத்தாள். மேல் லயத்துப் பெரியமுத்துவின் பெயரை அப்படியே விட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது. கீழ் லயத்து ஆண்கள் ஒருவரும் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கவில்லை. சப்பரம் அந்தப் பக்கமே வரவில்லை. முருகேஸ்வரியின் அம்மா மாவிளக்கை வைத்துக்கொண்டு, அது அணையும்வரை கீழ் லயத்து வாசலில் நின்றாள்.

இந்த வருஷம் அப்படி விடுவதாக இல்லை. ஜிஜோ போனில் சொல்லிக்கொடுத்தபடி அம்மன் பெயருக்கு ஒரு ஸ்டைல், அதாவது எழுத்தின் அளவுக்கு ஒரு அமைப்பு, போட்டாள். கமிட்டிக்காரர்கள் ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே ஸ்டைல்.

பாண்டித்துரை கதவுக்குள் தலையை நீட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"தாயி, என் பேரை மட்டும் ஒரு சுத்து பெருசாக்கிரு. போன வருசக் கொறை ஒண்ணு இருக்குல்ல."

"ஆக்குறேன் மாமா." ஸ்டைலைத் திறந்து எழுத்தளவு எண்ணைக் கூட்டினாள். ஒன்பது பெயரும் சேர்ந்து வளர்ந்தன.

"என்ன தாயி, பெரியமுத்தும் கூடவே வளர்றான்?"

"எல்லாரும் ஒரே ஸ்டைலுக்குள்ள இருக்கீக மாமா. ஒருத்தரத் தொட்டா அத்தனை பேரும்."

ஒற்றைப் பெயரை மட்டும் பெரிதாக்கவும் வழி உண்டு. அதை அவள் சொல்லவில்லை.

அதே காரியமாக வந்து இந்தப் பேச்சைக் காதில் வாங்கிய பெரியமுத்து, பாண்டித்துரையைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாய்யா," என்றார் பாண்டித்துரை. "உன் பேர்லயே 'பெரிய' இருக்கு. எழுத்தும் பெருசு வேணுமாக்கும்?"

"நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்." பெரியமுத்து பெஞ்சில் உட்கார்ந்தார். "மொத்தமாக் கூட்டு தாயி. ரெண்டு பேருக்கும் ஆச்சு."

கூட்டினாள். போதாது என்றார்கள். இன்னும் கூட்டினாள். பாண்டித்துரை கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

"நிப்பாட்டு. ஆத்தா பேரும் நம்ம பேரும் ஒரே உசரத்துல நிக்குது."

பெரியமுத்து எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கொறைச்சிரு தாயி. மொதல்ல இருந்தபடியே இருக்கட்டும்."

"ரெண்டு பேருக்குமா சித்தப்பா?"

"பிரிக்கத்தான் முடியாதுன்னுட்டியே."

எண்ணைக் குறைத்தாள். பிறகு பாண்டித்துரை பக்கம் திரும்பினாள். "அப்ப சப்பரம் மாமா?"

"எங்க ஆளுக தோள் குடுப்பாக. ரெண்டு லயத்துலயும் நிக்கும்னு அடி."

அடித்தாள். ஜிஜோவுக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தாள். அம்மாவிடம் மாவிளக்குக்கு அரிசி ஊறப்போடச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது தோள்வலிகூட அவ்வளவாகத் தெரியவில்லை. மேட்டில் கிருத்திகா இன்னும் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முருகேஸ்வரி ஒரு நாள் நிரை வெட்டித்தர வேண்டிய பாக்கி.