வேலாத்தாள் விரித்த துணி

வீரபாண்டியில் பனியன் துணி வெளுக்கும் சலவைப் பட்டறை வைத்திருந்த குமாரசாமிக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். 1988ஆம் வருடம் மாசி மாதத்தில் ஒரு காலை, பட்டறைக்குப் பின்னால் தோட்டம் வைத்திருந்த வேலாத்தாள் வந்து அவருடைய மேசைமேல் ஒரு வெள்ளை பனியன் துணியை விரித்தாள். துணி நிறையச் செத்த தேனீக்கள்.

"நாலு பெட்டி தேனீ வெச்சிருக்கறனுங்க தம்பி. பெட்டி முன்னால துணி விரிச்சு, செத்து உழுகறத தெனமும் எண்ணிப் பாப்பேன். எப்பவும் பத்து, இருவதுதான். இந்த வாரம் நூறத் தாண்டிருச்சுங்க."

"அதுக்கு நான் என்னக்கா பண்றது?"

"அதுக எங்க தண்ணி குடிக்குதுன்னு தேடிப் பாத்தனுங்க. உங்க செவுத்துக்குப் பின்னால ஊறி நிக்குதே, அங்கதானுங்க."

"பூச்சி செத்ததுக்கெல்லாம் பஞ்சாயத்தா? பட்டறைய மூடட்டுமா?"

அவர் போட்ட சத்தத்தில் துணி அலசிக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலாத்தாள் துணியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு குமாரசாமிக்கு வேலை ஓடவில்லை. கழிவுநீர் முன்பக்கக் கால்வாயில் அல்லவா போகிறது? பின்னால் ஈரம் எப்படி வரும்? போய்ப் பார்த்தார். பிளீச்சிங் தொட்டியை ஒட்டிய சுவரடியில் மண் சொதசொதவென்று கிடந்தது. ஓரத்தில் தேனீக்கள் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தன; இரண்டு மல்லாந்து துடித்தன. குனிந்து மோந்து பார்த்தார். வருடக்கணக்காகப் பிளீச்சிங் நெடியிலேயே கிடந்த மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

நிமிர்ந்தவருடைய கண்ணில் இருபதடி தள்ளியிருந்த வீட்டுக் கிணறு பட்டது. மகள் செல்வராணி தலைப்பிரசவத்துக்கு வந்து, அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிடமே வேலையை நிறுத்தித் தொட்டியை இறைக்கச் சொன்னார். அடித்தளத்தில் விரல் நுழையும் அகலத்துக்கு வெடிப்பு. கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் பரிசோதனைக்கு ஓடினார். முடிவு வர ஐந்து நாளாயிற்று. விஷயம் கேள்விப்பட்ட வேலாத்தாள், மேட்டிலிருக்கும் தன் கிணற்றிலிருந்து அந்த ஐந்து நாளும் காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் கொடுத்தனுப்பினாள்.

"உங்க கெணத்துல இன்னும் கலக்கலீங்க," என்றார் பரிசோதித்தவர். "ஒரு கோடை மழை உழுந்திருந்தா மொத்தமா எறங்கியிருக்கும். நல்ல நேரத்துல பாத்தீங்க."

தொட்டியை இடித்துப் புதிதாகக் கட்டினார். சித்திரையில் செல்வராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறுநாளே குமாரசாமி வேலாத்தாளின் தோட்டத்து வீட்டுக்குப் போனார்.

"அன்னைக்கு நாங் கத்துனத மனசுல வெச்சுக்காதீங்கக்கா. நீங்க வரலீன்னா எங்கூட்டுல என்ன ஆயிருக்குமோ."

"கத்துனீங்க, ஆனா அன்னைக்கே தொட்டிய எறைச்சுப் பாத்தீங்கல்ல? எத்தன பேரு பாப்பாங்க? உக்காருங்க தம்பி, மோரு கொண்டாறேன்."

பதினொரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் அந்த வீட்டுக்குள் அவர் காலடி வைத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.