தானாக இறங்கிய றெக்கை

கோபாலன் சாருடைய காருக்குப் பின்பக்கம் ஒரு றெக்கை உண்டு. வண்டி எண்பதைத் தாண்டினால் அது தானாக எழும்பும். வேகம் குறைந்தால் பழையபடி படுத்துக்கொள்ளும். நிறுத்திய வண்டியிலும் ஏற்றி இறக்க உள்ளே ஒரு ஸ்விட்ச் இருந்தது. வெளியுறவுத் துறை வேலையில் ஜெர்மனியில் இருந்துவிட்டு, தொண்ணூற்று இரண்டில் டெல்லி திரும்பியபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் அது. பத்து வருஷம் ஓடிவிட்டது. சார் ரிட்டயராகி, போன வருஷம் அவர் மனைவி, வீட்டு அம்மாவும் காலமான பிறகு, அத்தனை பெரிய வீட்டில் அவரும் அந்த வண்டியும்தான்.

வீட்டுக்குப் பின்னால் சர்வண்ட் குவார்ட்டரில் சுப்பையாவும் அவன் பெண்டாட்டி செங்கம்மாளும் ஒன்பது வருஷமாகக் குடியிருந்தார்கள். செங்கம்மாள் வீட்டு வேலை பார்ப்பதற்குத்தான் அந்த அறை. வேலை போனால் அறையும் போச்சு. மகள் மேகலா மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். சுப்பையா சாலையோரப் பட்டறை ஒன்றில் மெக்கானிக். ஆறு நாள் அங்கே முதுகு ஒடிய வேலை, ஞாயிற்றுக்கிழமை சாருடைய வண்டி.

அந்த வாரம் றெக்கை எழும்பவே இல்லை. மோட்டார் மட்டும் உர்ரென்று சுற்றியது. முழுசாக மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதமாகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"நீயே பிரிச்சுப் பாரு சுப்பையா. இனிமே கெடுறதுக்கு அதுல என்ன இருக்கு?" என்றார் சார். பிறகு பெருமையாகச் சொன்னார்: "இதுக்கு மூளை உண்டுப்பா. போன மழையிலேருந்து ஏறினா இறங்க மாட்டேங்குது. ஸ்விட்சைப் போட்டாலும் கேக்கறதில்லை. அப்படியே விட்டுட்டுப் போய்ப் படுத்துடுவேன். காலையில பார்த்தா சமத்தா இறங்கியிருக்கும். என் வயசுதானே, எல்லாம் நிதானம்."

சுப்பையா மண்டையை ஆட்டிக்கொண்டான். தானாக இறங்குகிற இயந்திரத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை.

றெக்கைக்குக் கீழிருந்த தகட்டைக் கழற்றினான். நடுவில் மோட்டார். அதிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு கேபிள். ஒவ்வொரு கேபிளின் முனையிலும் விரல் நகம் அளவு பிளாஸ்டிக் பல்சக்கரம். வலது சக்கரம் புதுசு போல இருந்தது. இடது சக்கரத்தில் பல்லே இல்லை. மொழுமொழுவென்று தேய்ந்து கிடந்தது. ஓடித் தேய்ந்திருந்தால் இரண்டும் அல்லவா தேய வேண்டும்? யாரோ மேலிருந்து கையால் அமுக்கியிருக்கிறார்கள். அதுவும் ஒரு தடவை இல்லை, பல தடவை. வண்டியின் வலதுபக்கம் சுவரை ஒட்டி நிற்கும். ஆள் நிற்க இடம் இடதுபக்கம்தான்.

அந்த நேரம் பார்த்து டீயோடு வந்தாள் செங்கம்மாள். பிரித்துப் போட்ட றெக்கையை எட்டிப் பார்த்தாள்.

"இந்த மூடியா கெட்டுப் போச்சு? இதைத் தினமும் நான்தானே மூடுறேன்."

சுப்பையா டீயை வாங்காமல் அவளையே பார்த்தான்.

"என்னய்யா அப்படி முழிக்கிற? காலையில வண்டி துடைக்க வருவேன், திறந்தே கிடக்கும். சும்மா இறங்காது. ரெண்டு கையையும் வெச்சு ஒரு அமுக்கு அமுக்கினா டக்குனு உட்காரும்."

"ஒக்காரும் புள்ள, ஒக்காரும். பல்லு உடைஞ்சு ஒக்காரும்." சக்கரத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் முகம் செத்துப்போயிற்று. "ஐயா உசிரா வெச்சிருக்கிற வண்டி. போகச் சொல்லிடுவாராய்யா? பரீட்சை நேரத்துல புள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க போறது?"

"நீ வாயைத் திறக்காத. பிளாஸ்டிக்கு, பழசாகி நைஞ்சு போச்சுன்னு சொல்லிடுறேன். நைஞ்சது நெசந்தானே." அவள் கையிலிருந்த சக்கரத்தை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மாயாபுரி லேத் பட்டறையில் பித்தளையில் அதே அளவுக்குப் பல் வெட்டி வாங்கினான். இறக்கும் ஸ்விட்ச் ஏன் கேட்கவில்லை என்று தேடியதில், றெக்கை இறங்கக் கரண்ட் கொடுக்கும் ரிலே, மழைத் தண்ணீர் இறங்கிப் பச்சை பிடித்திருந்தது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் பூட்டி, சாரைக் கூப்பிட்டான்.

ஸ்விட்சைப் போட்டதும் றெக்கை எழும்பியது. மறுபடி போட்டதும் சத்தமில்லாமல் இறங்கியது. சார் குழந்தை மாதிரி கையைத் தட்டினார்.

"ஷாபாஷ்! ஆமா, எதனால தேஞ்சது?"

"அதுங்கய்யா, பிளாஸ்டிக்கு..."

"ராத்திரி ராத்திரி தானா இறங்கி இறங்கியே தேஞ்சிருக்கும், இல்ல?" சார் றெக்கையைத் தடவிக்கொடுத்தார். "பாவம். எனக்காக ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கு."

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த செங்கம்மாளுக்கு அது தாங்கவில்லை. ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அது இறங்கலீங்கய்யா. நான்தான் அமுக்கினேன்."

சுப்பையா கண்ணை மூடிக்கொண்டான்.

"எத்தனை நாளா?" சாருடைய குரல் மாறிவிட்டது.

"போன மழையிலேருந்துங்கய்யா. தினமும்."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். "நீங்க மூட மறந்துட்டீங்கன்னு நெனச்சேங்கய்யா. அம்மா போனதுலேருந்து குழாயை மறக்குறீங்க, கேஸை மறக்குறீங்க. சொல்லிக் காட்டினா மனசு நோகும். அதான் எல்லாத்தையும் நானே மூடிட்டு வந்துடுவேன்."

"கேஸையுமா?"

"ரெண்டு வாட்டிங்கய்யா."

சார் உள்ளே போய்விட்டார். சுப்பையா ஸ்பானர்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டான். செங்கம்மாள் தூணைப் பிடித்தபடி நின்றாள். சமையலறைப் பக்கம் விளக்கு எரிந்தது, அணைந்தது. குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் போலும்.

வெகுநேரம் கழித்து வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மழை நாள்லயும் வந்து மூடினியா?"

"மழைன்னா மொதல்ல அதைத்தாங்கய்யா மூடுவேன்."

"அச்சா." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இனிமே எதை மூடினாலும் என்கிட்ட சொல்லிடு. நோகாது. சுப்பையா, அந்தப் பையை அங்கே வை. ஸ்விட்ச் எதுன்னு செங்கம்மாவுக்குக் காட்டிக் குடு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சரியென்று தலையை ஆட்டினாள்.

"இன்னும் என்னென்ன மறக்கறேன்? எல்லாத்தையும் சொல்லு."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"திட்டக் கூடாதுங்கய்யா."

"திட்டலை. சொல்லு."

"மாடிக் கதவு. ராத்திரி மாத்திரை. பால் பாக்கெட்டை எடுக்கிறது." அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். "போன வாரம் மூக்குக் கண்ணாடி ஃபிரிட்ஜுக்குள்ள இருந்துச்சு."

"அது நான் வைக்கலை."

"இந்த வீட்டுல வேற யாரும் கண்ணாடி போடுறது இல்லீங்கய்யா" என்றாள் செங்கம்மாள், அடுத்த விரலை மடக்கிக்கொண்டே.