சாணக் குழியும் ஒரு புட்டி பினாயிலும்

எனக்குப் பெரிய கிராணி வேலை, அதாவது தோட்டத்து ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா வேலை, கிடைத்தபோது முதல் ஆளாக ஆபீஸ் வாசலுக்கு வந்து கைகூப்பி வாழ்த்தியவர் முனியாயி அக்கா. அன்றைக்கு நான் நாலுகால் பாய்ச்சலில் ஓடி எங்காவது ஒளிந்திருக்க வேண்டும். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

1993ஆம் வருடம். அதற்கு முந்தின வருடம்தான் உலகத் தலைவர்கள் ரியோவில் கூடி, பூமி சூடேறுகிறது, ஏதாவது செய்தாக வேண்டும் என்று பேசிக் கலைந்திருந்தார்கள். அந்தப் பேச்சில் ஒரு துளி எப்படியோ மலாக்காவில் மெர்லிமாவுக்கு உள்ளே கிடந்த, பாமாயிலுக்கான எங்கள் செம்பனைத் தோட்டத்திலும் வந்து விழுந்தது. வெளிநாட்டு அமைப்பு ஒன்று ஐந்து நாடுகளில், மாட்டுச் சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் குழிகளைச் சோதனைக்குக் கட்டியது. அதில் ஒன்று எங்களுடையது. விறகு வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம், புகை இல்லை. முனியாயி அக்காவின் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் குழி. அங்கிருந்து ஒரு குழாய் ஆயாக் கொட்டகைக்குப் போனது. தாய்மார் வேலைக்குப் போன பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராமாத்தாள் ஆயா அந்த அடுப்பில்தான் கஞ்சி காய்ச்சினார்.

தோட்ட நிர்வாகியான துரைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. புதிதாக நட்ட கன்றுகளை மாடு மேய்கிறது என்று வந்த நாளிலிருந்தே மாடுகளை வெளியேற்றத் துடித்துக்கொண்டிருந்தார். முனியாயி அக்காவுக்கு மொத்தம் ஏழு மாடுகள். புருஷன் போன பிறகு அந்தப் பால்தான் அவர் வாழ்க்கை. திட்டத்தைப் பார்த்துக்கொண்ட மலாக்காப் பட்டணத்துப் பொறியாளர் நிர்மலாதேவி எப்படியோ பேசித் துரையைச் சம்மதிக்க வைத்தார். குழி வேலை செய்கிறவரை மாடுகள் இருக்கலாம், குழி நின்றால் மாடுகளும் போக வேண்டும் என்பது பேச்சு.

குழியைப் பராமரிக்கும் விதிகளை நிர்மலாதேவி ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார். மொத்தம் பத்து. படித்து, தொழிலாளிக்குத் தமிழில் விளக்கிச் சொன்னேன் என்று, அப்போது சின்னக் கிராணியாக இருந்த நான் கையெழுத்துப் போட்டேன். நாலு விதிகளைத்தான் சொன்னேன். பசியாறும் நேரம் வந்துவிட்டது.

முனியாயி அக்காவுக்கு அந்த நாலே போதுமானதாக இருந்தது. சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, கல்லும் வைக்கோலும் பொறுக்கி எடுத்து, தினமும் காலையில் ஊற்றினார். குழி கட்டி முடித்த அன்று அதற்குக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் அறுத்தவரும் அவர்தான். எட்டு மாதம் அடுப்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அந்த வருடக் கடைசியில், குழியைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து மூன்று பேர் ஒரு சனிக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. அதே வாரம் செவ்வாய்க்கிழமை, செலண்டாரில் முனியாயி அக்காவின் கொழுந்தனார் இறந்துபோனார். பங்காளித் தீட்டு, பதினாறு நாள். குழியை இனித் தொட மாட்டேன் என்று சொல்ல அவர் என்னிடம் வந்தார்.

"பூசை போட்ட குழிங்க ஐயா. அதுல வர்ற நெருப்புலதான் பிள்ளைங்களுக்குக் கஞ்சி காய்ச்சுறாங்க. தீட்டோட நான் எப்படிக் கை வெக்கிறது? பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட சொல்லியிருக்கேன், அது ஊத்தும்."

"சாணிக்கு ஏதுக்கா தீட்டு? வெள்ளைக்காரங்க வர்ற நேரத்துல புது ஆளை விட்டு எதையாவது கெடுத்துடாதீங்க. நீங்களே ஊத்துங்க."

கிராணி சொல்லிவிட்டேன் அல்லவா, அவர் ஊற்றினார்.

வியாழக்கிழமை பால் தெளிப்புக்காக அவர் செலண்டாருக்குப் போயிருந்த பிற்பகலில் நான் கொட்டகைப் பக்கம் போனேன். மாட்டுக் கொட்டகை எப்படி நாறுமோ அப்படி நாறியது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. வெள்ளைக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டால்? இவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று துரை சிரித்தால்? தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, படித்து, ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவன் நான். எந்த நாற்றத்தை விட்டு இத்தனை தூரம் வந்தேனோ அது சட்டையில் ஒட்டிவிடும் என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. வந்தவர்கள் சாணத்தைத்தான் பார்க்க வருகிறார்கள் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. ஆபீஸ் கக்கூஸுக்கு வைத்திருந்த பினாயிலில் ஒரு முழுப் புட்டியை எடுத்து வந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நானே தரையைத் தேய்த்துக் கழுவினேன். கழுவிய தண்ணீரெல்லாம் வாய்க்காலில் ஓடிக் குழிக்குள் இறங்கியது. அதற்காகவே சரிவு வைத்துக் கட்டிய வாய்க்கால் அது.

மாலையில் திரும்பிய முனியாயி அக்காவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "நான் இல்லாத நேரத்துல நீங்களே கழுவி விட்டீங்களா ஐயா? புண்ணியமாப் போவும்."

சனிக்கிழமை எல்லோரும் ஆயாக் கொட்டகையில் கூடினோம். வந்த மூவரில் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. ஒருவர் சாணத்தைக் கையால் அள்ளி முகர்ந்தே பார்த்தார். ராமாத்தாள் ஆயா தீக்குச்சியைக் கிழித்து அடுப்பில் வைத்தார். மஞ்சளாக ஒரு சிறு சுடர் எழுந்து அணைந்தது. இன்னொரு குச்சி, அதற்கும் அதே கதி. ஐந்தாவது குச்சிக்கு அந்தச் சுடர்கூட வரவில்லை.

நிர்மலாதேவி குழியை எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கத் திரும்பி வந்தார். "மிஸ்டர் திவாகர், கொட்டாயில ஏதாச்சும் மருந்து ஊத்தினீங்களா? கிருமி கொல்லி மாதிரி? உள்ள இருக்கிற கிருமிங்கதான் கேஸ் பண்ணுது. ஊத்தியிருந்தா சொல்லுங்க, பயமில்ல. ரெண்டு வாரம் விட்டா தானா சரியாயிடும்."

அப்போதுதான் ஐந்தாவது விதி ஞாபகத்துக்கு வந்தது. கொட்டகையில் கிருமிநாசினி எதையும் பயன்படுத்தக் கூடாது. அதற்குக் கீழேதான் என் கையெழுத்து. துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய கிராணி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு என் பெயர் துரையின் மேசையில் இருக்கிறது. அத்தனையும் ஒரே மூச்சில் மனதில் ஓடின.

"இல்லையே," என்றேன்.

நிர்மலாதேவி முனியாயி அக்காவிடம் கேட்டார். "மருந்தெல்லாம் ஒண்ணும் ஊத்தலம்மா," என்றார் அவர். தரை கழுவுவதை மருந்து என்று யார் நினைப்பார்கள்?

"அப்படியென்றால் சாணம் ஒழுங்காக விழவில்லை," என்று நிர்மலாதேவி ஆங்கிலத்தில் துரையிடம் தயக்கத்தோடு சொன்னார். துரை என் பக்கம் திரும்பினார். நான் அதோடு வாயை மூடியிருக்கலாம். "இந்த வாரம் அவர் ஒரு சாவுக்குப் போய்விட்டார், சார்," என்றேன், அதுவும் ஆங்கிலத்தில். முனியாயி அக்காவுக்கு அது புரியவில்லை. அவருக்குச் சாதகமாக ஏதோ பேசுகிறேன் என்று நினைத்து நன்றியோடு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் என் தோலை உரிக்கிறது.

திங்கட்கிழமை துரை சொல்லச் சொல்ல இரண்டு கடிதங்களைத் தட்டச்சு செய்தேன். ஒன்று வெளிநாட்டு அமைப்புக்கு: தொழிலாளர்களின் ஒத்துழைப்புப் போதாததால் இத்தகைய தோட்டங்களுக்கு இத்திட்டம் பொருந்தாது. உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்களுக்கு எங்கள் தோட்டத்திலிருந்து போன செய்தி அது. மற்றது முனியாயி அக்காவுக்கு: ஒரு வாரத்துக்குள் மாடுகளை அகற்ற வேண்டும். இரண்டிலும் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்து வாசித்தும் காட்டினேன். அவர் அழவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஐயா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லணும். தீட்டோட சாணி கரைச்சு ஊத்தினேன்ல? அதனாலதானே நின்னுருச்சு?" என்றார்.

ஊற்றச் சொன்னவன் நான் என்பதை அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் காட்டவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்கப் போவதில்லை. அப்போதே சொல்லியிருந்தால் துரைக்குத் தெரிந்திருக்கும், நிர்மலாதேவிக்குத் தெரிந்திருக்கும், இரண்டு வாரம் பொறுத்திருப்பார்கள், மாடுகள் நின்றிருக்கும். எனக்கு வேலை போயிருக்காது, பெரிய நாற்காலி மட்டும்தான் போயிருக்கும்.

"இருக்கலாம்க்கா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அலோர் காஜாவிலிருந்து லோரி வந்தது. ஆறு மாடுகள் இழுத்த இழுப்புக்கு ஏறின. செவலை மட்டும் ஏறவில்லை. முனியாயி அக்கா தானே முன்னால் ஏறி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது உடனே ஏறியது. அவர் இறங்கிக்கொண்டார். நான் ஆபீஸ் சன்னலை மூடிவிட்டு ஏதோ ஒரு கோப்பைப் புரட்டினேன்.

புதன்கிழமை அவர் செலண்டாருக்குப் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடித்துத் தலை முழுகிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை காலை ராமாத்தாள் ஆயா ஆபீஸுக்கு ஓடி வந்தார்.

"கிராணியாரே, வந்து பாருங்கலா! சும்மா திருகிப் பார்த்தேன், அடுப்பு எரியுது!"

நான் போய்ச் சேர்வதற்குள் முனியாயி அக்கா அங்கே இருந்தார். அடுப்பில் நீலச் சுடர், அசையாமல் நின்று எரிந்தது. பினாயில் ஊற்றிய நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். பதினைந்து நாள். நிர்மலாதேவி சொன்ன இரண்டு வாரம்.

முனியாயி அக்கா அடுப்புக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கன்னமெல்லாம் ஈரம். "பாத்தீங்களா ஐயா? பதினாறு முடிஞ்சுது, எரியுது. நான்தான். என் மாட்டுக்கு நானேதான் எமனாப் போயிட்டேன்."

"அக்கா," என்றேன். "அது தீட்டு இல்லக்கா. அன்னிக்கு நான்..."

"வேணாங்க ஐயா. என்னைத் தேத்தணும்னு எதையும் சொல்லாதீங்க. அன்னிக்கு நான் கேட்டப்ப மறைக்காம சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

சத்தமாக, பினாயில் ஊற்றியவன் நான்தான் என்று கத்தியிருக்கலாம். அவர் தடுத்ததையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

திரும்ப எரிகிற அடுப்பில் முதலில் பால்தான் காய்ச்ச வேண்டும் என்றார் அவர். பால் யாரிடமும் இல்லை. சாமான் கடைக்கு ஆள் அனுப்பி சீனி கலந்த டின்பால் வாங்கி வரச் சொன்னார். அதைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, முதல் தம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி வந்து என்னிடம் நீட்டினார்.

"இனிப்புப் போதுமாங்க ஐயா?"

குடித்துவிட்டு, போதும் என்றேன்.