அண்ணாந்தால் இறங்காத கேப்சூல்

இருமலோடு ஜீப்பில் ஏற்ற மாட்டேன் என்று கங்காணி முத்துவீரன் புதன்கிழமையே சொல்லிவிட்டார். பத்துப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் பதினேழு பேர் போகிறோம். ஒருத்தன் இருமினால், போடிமெட்டு ஏறுவதற்குள் மிச்சப் பதினாறு பேருக்கும் வந்துவிடும். அவர் பக்கமும் நியாயம் உண்டு.

"திங்கக்கெழம வா வேலுச்சாமி. வழியில ஒரு இருமல் இருமுனாலும் எறக்கி விட்ருவேன். ஒன் எடத்துக்கு ஈஸ்வரபாண்டி காத்துக்கிட்டு இருக்கான்" என்றார்.

மலைத் தோட்டங்களில் ஏலக்காய் எடுப்பு தொடங்குகிற வாரம். ஜீப்பில் இடம் போனால் அந்தப் பருவமே போனதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி கேட்டேன். பாதி சிவப்பு, பாதி மஞ்சளாகப் பத்துக் கேப்சூல் கிடைத்தது. "பிரிச்சுக் கொட்டிராதீங்கண்ணே, முழுசா முழுங்கணும். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றது நர்ஸ் ஜெபா.

வினை அங்கேதான். மலையில் ஒரே சொம்பில் இருபது பேர் தண்ணீர் குடிக்கிறவர்கள் நாங்கள். உதடு பட்டால் வைது தீர்த்துவிடுவார்கள். அண்ணாந்து ஊற்றித்தான் எனக்குப் பழக்கம். கேப்சூலை நாக்கில் வைத்து, அண்ணாந்து தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் உள்ளே போனது. கேப்சூல் தக்கை மாதிரி மிதந்து முன்பல்லுக்கு வந்து நின்றது. ஆறு முறை ஊற்றினேன். கேப்சூல் ஊறிப் பிய்ந்துபோனது. வயிறு நிறைந்ததுதான் மிச்சம்.

"எம்புட்டு மூடை தூக்குறீக, இத முழுங்க முடியலையாக்கும்?" என்றாள் என் மனைவி ராமுத்தாய்.

"மூடைய முதுகுல தூக்குறேன் புள்ள, தொண்டையிலயா தூக்குறேன்?"

அவள் அடுத்ததை வாழைப்பழத்தில் பொதித்துக் கொடுத்தாள். பழம் இறங்கியது. கேப்சூல் மேலண்ணத்தில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. செல்போன் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்தவள், "அங்கனதான் இருக்கு, செவப்புப் பக்கம் தெரியுது" என்றாள். விரலால் நோண்டியதில் அது உடைந்து, கசப்பு காது வரைக்கும் ஏறியது.

பக்கத்து வீட்டுச் செல்லப்பாண்டி ஆடு வளர்க்கிறவன். "மூக்கப் பிடிச்சு, வாயப் பொத்தி, தொண்டையத் தடவிவிட்டா தன்னால இறங்கும் மாமா. எங்க ஆடுக இதுவரைக்கும் ஒரு கொற சொன்னதில்ல" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதை என் வாயில் போட்டு மூக்கைப் பிடித்துவிட்டான். எனக்கு இருமல் முட்டியது. கேப்சூல் வாசலில் போய் விழுந்தது. அவன் வீட்டுக் கோழி ஒரே கொத்தில் அதை முழுங்கிவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று என்னைப் பார்த்தது.

"பாருங்க, அது தண்ணிகூட கேக்கல" என்றாள் ராமுத்தாய்.

அவமானம் தாங்காமல் இன்னொரு கேப்சூலை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தேன். கையில் சொம்பு இல்லை. கேப்சூலை வாயில் போட்டு, குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி உறிஞ்சினேன். நாக்கால் தேடினேன். கேப்சூலைக் காணோம். அது மிதக்கிற சாமான். குனிந்தால் தொண்டைப் பக்கம்தான் மேலே வருகிறது, தானே மிதந்து போய்விட்டது. மறுநாள், வீணாக்கிய மூன்றுக்கு ஜெபாவிடம் திட்டு வாங்கி, வேறு மூன்று வாங்கி வந்தேன். கோழியைப் பற்றிச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முக்கால்வாசி இருமல் போயிருந்தது. மிச்சக் கால்வாசி, ஜீப் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் தொண்டைக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கண்ணில் நீர் கட்டியது. "என்னப்பா அழுகுற?" என்று கூட வேலைக்கு வருகிற பாண்டீஸ்வரி பக்கத்திலிருந்து கேட்டாள். வாயைத் திறந்தால் ஆபத்து என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

போடிமெட்டு டீக்கடையில் ஜீப் நின்றது. கங்காணி சட்டைப்பையிலிருந்து வாயுவுக்கான கேப்சூல் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அண்ணாந்து தண்ணீரை ஊற்றினார். புரை ஏறி, மலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருமினார்.

பாண்டீஸ்வரி மெல்லக் கேட்டாள்: "அண்ணே, ஈஸ்வரபாண்டிக்கு ஒரு போன் போடவா?"

"குனிஞ்சு குடிங்கண்ணே" என்று சொல்லி, அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவர் இன்னும் இருமிக்கொண்டிருந்த சத்தத்துக்குள், முந்தலிலிருந்து அடக்கி வைத்திருந்த என் இருமலையும் சேர்த்து இருமி முடித்துக்கொண்டேன். எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை.