யாரும் தள்ளாமல் விழுந்தவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கலை ஆர்வத்தில் பிறந்ததல்ல, வெயிலில் பிறந்தது. ஏசி இருக்குமே என்று ஓவியக் கூடம் ஒன்றுக்குள் ஒதுங்கினேன். நுழைந்த நிமிடமே, நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் மரப்படிகளில் மேலிருந்து உருண்டு வந்து என் காலடியில் விழுந்தார். பதறிப்போய்த் தூக்கக் குனிந்தேன்.

"தொடாதீங்க சார், அது படைப்பு" என்றார் காவலாளி.

படைப்பு எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மறுபடியும் மேலே ஏறியது.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் வரி: 'வாழ்க்கை என்னும் படிக்கட்டில் அவன் தடுமாறியபோது –'

வேண்டாம். படிக்கட்டு என்றால் படிக்கட்டு. பதினைந்து படி. (மூன்றாவது படி மட்டும் கிறீச்சிடும்.)

சினிமா வட்டாரத்தில் அந்த விழுந்தவருக்கு 'முதுகு' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகக் கதாநாயகர்களுக்கு டூப். கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்வது, எரியும் காரிலிருந்து உருள்வது எல்லாம் இவர். எழுந்து திரும்பிப் பார்த்துச் சிரிப்பது வேறொருவர். இவர் முகம் தெரிந்தால் அந்த டேக் வீண்.

அவர் மனைவியின் தங்கை நவீன கலைஞர். போன தடவை காலி ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக் கண்காட்சி நடத்தினாள். குடும்பமே போய்ப் பார்த்து, மூடிவைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பியது. இந்தத் தடவை மாமாவிடம் வந்து, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை படிகளில் விழ வேண்டும், கீழே மெத்தை கிடையாது, முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்றாள்.

அவர் தொழில்முறையில் கேட்டார்: "என்னை யாரு தள்ளிவிடுறா?"

"யாரும் இல்ல மாமா."

"அப்புறம் நான் எதுக்கு விழணும்?"

"அதைத்தான் பார்க்கிறவங்க யோசிக்கணும்."

யோசித்துப் பார்த்தார். அத்தனை படங்களிலும் எதற்கு விழுகிறோம் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சம்மதித்துவிட்டார்.

(இந்த இடத்தில் நவீன கலையையும் அடிதடிப் படத்தையும் ஒப்பிட்டு நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்: இரண்டிலும் நல்ல சாமான்கள் உடைகின்றன. இரண்டையும் பார்த்துவிட்டு வருகிறவரிடம் கதை என்ன என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்.)

3

முதுகின் மனைவி விஷயத்தில்தான் எனக்குத் தடுமாற்றம். முதல் பிரதியில் அவரை அழவைத்தேன். அழுகிற ஆள் இல்லை என்று பிறகு தெரிந்தது. கணவர் விழுவதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தியேட்டரில் கதாநாயகன் கூரைமேல் ஏறினாலே கண்ணை இறுக மூடிக்கொள்வார். கீழே வரப்போவது யாரென்று அந்த அரங்கில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மறுநாளும் ஓவியக் கூடத்துக்குப் போனேன், வெயில் குறையவில்லை. பிற்பகலில் மனைவி வந்து, படிக்கு நேரெதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேலே நின்ற முதுகு பார்த்துவிட்டார். கால் நகரவில்லை. எரியும் காருக்குள் வராத பயம் அது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பார்வையாளர்கள் மூச்சு விடாமல் நின்றார்கள். ஒருவர் குறிப்பேட்டில் 'விழாமையின் வன்முறை' என்று எழுதினார். தங்கை தூணுக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோனாள்.

கடைசியில் மனைவிதான் பேசினார். "நீங்க பாட்டுக்கு விழுங்க. நான் கண்ணை மூடல."

விழுந்தார். பதினைந்து படியும். மனைவி இமைக்கக்கூட இல்லை.

உருண்டு வந்தவர் எழவில்லை. மனைவி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, குனிந்து, காதில் ஏதோ சொன்னார். முதுகின் உடம்பு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று பார்வையாளர்கள் இரண்டு கட்சியானார்கள்.

4

முடிவுகள்.

அ) எழுந்து மேலே ஏறி, ஐந்து மணி வரை விழுந்தார்.

ஆ) மனைவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். காலிப் படிக்கட்டை ஜனங்கள் மாலை வரை பார்த்துப் பாராட்டினார்கள்.

இ) மனைவியும் அவரோடு மேலே ஏறி – இது என் ஆசை. பேனாவால் அடித்துவிட்டேன்.

மூன்றையும் அவரிடமே படித்துக் காட்டினேன். எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சொன்னார். பிறகு, வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அவ காதுல சொன்னது மட்டும் வேண்டாம். அது எங்களோடது."

ஆகவே எழுதவில்லை. நீங்களே ஏதாவது சொல்லுங்கள். குனிந்து, மெதுவாக. அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம். வலது பக்கமாகப் போங்கள்.