பன்னிரண்டு என்று எழுதிய பத்திரம்

பத்திரம் எழுதிப் பிழைக்கும் அவளுக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. நகரசபைக் கூடத்தில் இன்று நில விசாரணை.

புது ரயில் நிலையம் வந்ததில் சுற்றுவட்ட நிலமெல்லாம் விலை எகிறிவிட்டது. மனைக்காரர்கள் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்கவில்லை. ஊர்ப் பணத்தில் போட்ட தண்டவாளம் ஏற்றிவிட்ட விலை அது. அந்த ஏற்றத்தில் பாதியை ஊருக்கு வாங்கி, அறுபது வாடகை வீடுகளும் ஒரு மருத்துவமனையும் கட்டத் திட்டம். அறுபதில் ஒன்றுக்கு அவளும் விண்ணப்பித்திருந்தாள். அடுத்த வருஷம் வாடகை இரட்டிப்பு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். புருஷன், இரண்டு பிள்ளைகள், மாமியாரோடு எங்கே போவாள்?

இடைஞ்சல் அக்கா புருஷன் வடிவில் வந்தது. நிலைய வாசலுக்கு எதிரே கிடக்கும் பெரிய காலிமனை அத்தானுடையது. அந்தப் பங்கு வராவிட்டால் அறுபது வீடும் காகிதத்தோடு சரி.

கூடம் நிரம்பி வழிந்தது. அத்தான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ரயிலாவது மண்ணாவது! மூணு வருஷம் முன்னாடி நான் வாங்கும்போதே அடி நூறு பெறும். இப்ப நூத்திப்பத்து. ஏறினது பத்து, உங்க பங்கு அஞ்சு. தாராளமா எடுத்துக்கோங்க!"

மற்ற மனைக்காரர்கள் கைதட்டினார்கள். கர்ணன் பரம்பரை என்று நினைப்பு!

"வாங்கின பத்திரத்தை எழுதினது யாரு?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

அவள் எழுந்தாள். அதிகாரி பதிவு நகலை நீட்டினார். "விலையை மட்டும் படிங்க."

அன்று அத்தான் கொடுத்தது அடிக்கு நாற்பது. பதிவுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, "பன்னிரண்டுன்னு போடும்மா, ஊரே இப்படித்தான் எழுதுது" என்றார். வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, அக்கா முகத்துக்காக எழுதினாள். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. இப்போது அத்தான் அது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்குப் பெரிய அபராதம், அவளுக்கு உரிமம் போய்விடும். போனால் போகட்டும் என்று மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"சதுர அடிக்குப் பன்னிரண்டு."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

"பன்னிரண்டு இப்ப நூத்திப்பத்து ஆயிருக்கு. ஏற்றம் தொண்ணூத்தெட்டு, ஊர் பங்கு நாற்பத்தொன்பது," என்றார் அதிகாரி. "இல்ல, பத்திரம் பொய்யா?"

அத்தான் நிலைமை திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், கத்தவும் முடியாது.

"உண்மைதாங்க," என்று உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையில் ஒரே கூச்சல், விசில். மற்ற மனைக்காரர்கள் அவசர அவசரமாகத் தங்கள் பத்திரங்களைப் புரட்டினார்கள். எல்லாமே பன்னிரண்டும் பதினைந்தும்தான்! அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

வாசலில் அத்தான் வழிமறித்தார். "சொந்தத்துலயே குழி பறிச்சிட்டியேம்மா!"

"நீங்க சொன்னதைத்தான் அத்தான் எழுதினேன். எழுதினதைத்தான் படிச்சேன்."

பக்கத்தில் நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆறு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தவர், எதிர்த் தெருவில் அறுபது வீட்டுக்கும் அஸ்திவாரம் தோண்டிய அன்று அவள் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். இன்னொரு மனை வாங்குகிறாராம்.

"விலை என்ன போடட்டும் அத்தான்?"

"நிஜ விலையைப் போடும்மா. ஒரு காசு குறைஞ்சாலும் கையெழுத்துப் போடமாட்டேன்!"

வெளியே மண் அள்ளும் இயந்திரம் போட்ட சத்தத்தில் அவளுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொல்லச் சொன்னாள்.