நிமியா கேட்ட கேள்வி

என் வகுப்பில் நான்கு அட்டைகள் உண்டு. ஊகிப்பவர், கேள்வி கேட்பவர், விளக்குபவர், சுருக்குபவர். நான்கு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கொன்று கழுத்தில் தொங்கும். நன்றாகப் படிக்கிறவரின் தலைக்குள் இந்த நான்கு வேலையும் சத்தமில்லாமல் நடக்கும். அதை வெளியே எடுத்துப் பிரித்துக் கொடுத்தால் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்வார்கள். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆறாம் வகுப்பு நிமியாவிடம் எப்போதும் கேள்வி கேட்பவர் அட்டைதான் இருக்கும்.

"டேய் ஒஸ்மார், அட்டைய மாத்திக்கலாம். என் சிப்பா ரொட்டியில பாதி உனக்கு."

"பாதியா? முழுசா குடு. இல்லன்னா நீயே சுருக்கிச் சொல்லு, மகாராணி!"

முழு ரொட்டியும் கைமாறும். நான் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். நிமியா ஸ்பானிஷ் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிப்பாள், முதல் ஆளாகக் கேள்வி கேட்பாள். மதிப்பீட்டுத் தாளில் 'தன்னம்பிக்கை மிக நன்று' என்று எழுதினேன்.

நவம்பரில் ஒரு நாள் அவள் அம்மா எவுலோகியா, மகளைக் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு தாளோடு வந்தாள். எவுலோகியாவுக்கு ஊர்ப் பேச்சுமொழியான குவாரனி மட்டும்தான் தெரியும். தாள் ஸ்பானிஷில் இருந்தது.

"தலைநகரத்துல, அசுன்சியோன்ல இருக்காளே, ஞானஸ்நானத்துல இவள ஏந்தின ஞானத்தாய், அவ அனுப்பியிருக்கா டீச்சரம்மா. வீட்டு வேலைக்கு ஒத்தாசையா இருந்தா ஏழாவது படிக்க வைப்பாளாம். நிமியா தடங்கலே இல்லாம படிச்சுக் காட்டினா. நீங்க சாட்சிக் கையெழுத்து போடுங்க, சனிக்கிழமை பஸ் ஏத்திவிடணும்."

வாசித்தேன். 'வீட்டு வேலை அனுமதிக்கும்போது' பள்ளிக்கு அனுப்பப்படுவாள் என்றிருந்தது. அடுத்த வருட டிசம்பர் வரை ஊருக்கு வர முடியாது.

"நிமியா, இந்த வரி என்ன சொல்லுது?"

கணீரென்று வாசித்தாள்.

"சரி, அதுக்கு அர்த்தம்?"

அவள் கண்கள் வரியின் தொடக்கத்துக்கு ஓடின. "அந்தச் சிறுமி ஏன் பள்ளிக்கு அனுப்பப்படுவாள்?" என்றாள் ஸ்பானிஷில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாக்கியத்தோடு ஒரு 'ஏன்' சேர்த்தால் போதும், கேள்வி தயார். ஒரு சொல்கூடப் புரிய வேண்டியதில்லை. கேட்டவளிடம் யாரும் பதில் கேட்பதுமில்லை. வருடம் முழுக்க அந்த அட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவளைத் துணிச்சல்காரி என்று நான் நினைத்துவிட்டேன். வாசிப்பு நேரத்தில் குவாரனி பேசக் கூடாது என்று விதி போட்டவளும் நான்தான்.

"குவாரனில சொல்லும்மா. ஒவ்வொரு சொல்லா."

"தப்பா வரும் டீச்சர். நான் மக்கு."

"தப்பா வரட்டும்."

திக்கித் திக்கி ஆரம்பித்தாள். அறியாத சொற்களை என்னிடம் கேட்டாள். 'அனுமதிக்கும்போது' என்ற இடத்தில் நின்றாள். முகம் மாறியது.

"அம்மா, வேலை முடிஞ்சுதுன்னு யார் சொல்றது?"

"அவதான்டி. அவ வீடு."

"முடியலன்னே சொல்லிட்டிருந்தா?"

எவுலோகியா என்னைப் பார்த்தாள். நான் என் கைபேசியை நீட்டினேன். "அவங்ககிட்டயே கேளுங்க."

"நானே கேக்கறேன்," என்றாள் நிமியா. குரல் வகுப்பில் கேட்கும் குரலாக இல்லை. சின்னதாக, உடைந்து வந்தது. "ஞானத்தாயே, வாரத்துல எத்தனை நாள் பள்ளிக்கூடம் அனுப்புவீங்க?"

"இப்பவே கணக்கு கேக்கறவள எனக்கு வேணாம். வேற பிள்ளைங்க வரிசையில நிக்குது," என்று மறுமுனையில் சொல்லி இணைப்பைத் துண்டித்தாள் ஞானத்தாய்.

எவுலோகியா தாளைப் பிடுங்கி நாலாக மடித்தாள்.

"சந்தோஷமா டீச்சரம்மா? இங்க ஆறாவது வரைக்கும்தான், ஏழாவதுக்கு டவுனுக்குப் போகணும். தினமும் பஸ் காசுக்கு நான் எங்க போவேன்? நீங்க படிக்க வைப்பீங்களா?"



"நான் தப்பா படிச்சுட்டேனா டீச்சர்?" என்று கேட்டாள் நிமியா.

"இல்ல," என்றேன். "சரியாத்தான் படிச்ச."

அவள் அதை நம்பியதாகத் தெரியவில்லை.